ஒரு டம்ளர் பெட்ரோல்

தம்பி,

நலமா என்று கேட்டால் நீ "ம்" என்பாய். அந்த "ம்"மைப் போனில் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே புகுந்து "சரிப்பா, கடையில ஆள் நிக்குது, வைக்கிறேன்" என்று சொல்ல முடியாது. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டார் சைக்கிள் வண்டியை நான் பழைய இரும்புக்குப் போடவில்லை.

போன மாதம் நீ சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. "அப்பா, நான் அந்தப் புள்ளய கூட்டிக்கிட்டு வர்றப்ப அந்த வண்டி அங்க நிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி இரும்புக்குப் போட்டுருங்க" என்றாய். கொழும்புக்குப் போன பிறகு நீ என்னிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான். நானும் சரி என்றுதான் சொன்னேன். பழைய இரும்பு வாங்கும் லொறி நம் லயத்து வீடுகள் பக்கம் என்றைக்கு வரும் என்று விசாரித்து, முதல் நாளே விறகுக் கொட்டிலில் இருந்து வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். இரண்டு டயரும் காற்றில்லாமல் சப்பிப் போயிருந்தன. வெயிலில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கார்புரேட்டரைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பெட்டியை மூடும் முன் செத்தவர் முகத்தை ஒரு தடவை பார்ப்போமே, அந்த மாதிரித்தான். உள்ளே என்ன இருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதென்றால், நாம் இருவரும் வாய் திறந்து பேசாத அந்தப் பெட்ரோல் தட்டுப்பாட்டு வருஷத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படி.

வண்டி வந்த கதை உனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக ஆனதும், மேல் மலைக்கும் கீழ் மலைக்கும் ஏறி இறங்கி வேலை பார்க்க என் கால்களால் முடியவில்லை. மாற்றலாகிப் போன கிளாக்கர் ஐயாவிடம் அதை வாங்கினேன். வாங்கும்போதே அது பழசு. உன் அம்மா அப்போது பிள்ளை மடுவத்தில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மடுவத்து வாசலில் வண்டியை நிறுத்தினால், இறங்குவதற்குள் எஞ்சின் இரண்டு முக்கு முக்கிவிட்டு நின்றுபோகும். "ஏங்க, உங்க வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதிங்க. ரெண்டு பேருக்கும் மூச்சு நெலையா ஓட மாட்டேங்குது" என்பாள். கேலிதான். ஆனால் ஆஸ்துமா அவளுக்குக் கேலியாக இருக்கவில்லை. குளிரும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் போதும், நெஞ்சில் சீழ்க்கைச் சத்தம் ஆரம்பித்துவிடும். வாய்க்குள் மருந்துப் பம்ப் அடித்தும் அடங்காத நாட்களில் நான் அவளைப் பின்னால் ஏற்றி, சேலையை முடிந்து, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். அங்கே மாஸ்க் போட்டு மருந்துப் புகை பிடிக்க வைத்தால் போதும், ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். வண்டி நம் வீட்டில் எதற்கு இருந்தது என்று யாராவது கேட்டால் அதற்குத்தான் என்பேன்.

அந்த வருஷம் எல்லாம் தலைகீழாகப் போனது. பெட்ரோல் செட்டில் விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்று, மத்தியானம் வெறும் கையோடு திரும்பினோம். நீயும் என்கூட நின்றாய். தோட்டத்து லொறி டீசல் இல்லாமல் பெக்டரி வாசலில் நின்றது. ஓட்டோக்காரர்கள் மீட்டரைத் துணி போட்டு மூடிவிட்டு வீட்டில் இருந்தார்கள். ஒரு நாள் எப்படியோ டேங்க் பாதி நிறையக் கிடைத்தது, மேற்கொண்டு ஒரு கேனிலும் கொஞ்சம். அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன், இனி இந்த வண்டியை ஒருத்தரும் தொடக் கூடாது, இது அம்மாவுக்கு என்று. சாவியை நான் இடுப்பில் முடிந்துகொண்டேன். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு நடந்தே போனேன். மற்ற கணக்கப்பிள்ளைமார் கேட்டபோது பெருமையாகக்கூடச் சொன்னேன், வீட்டுக்கு ஒரு அவசரம் என்றால் என்னிடம் பெட்ரோல் இருக்கிறது என்று. சாமி அறையில் விபூதியை வைப்பது போல அந்தக் கேனைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். பெட்ரோல் நாட்பட்டால் கெடும் என்பது எனக்குத் தெரியாது. ஓடாமல் நிற்கிற வண்டியின் கார்புரேட்டருக்குள் அது வற்றி வற்றிப் பசையாகும் என்பதும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது.

ஆமாம், உனக்குத் தெரிந்திருந்தது. பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த மாதங்களில் தலவாக்கலையில் சிங்கள மெக்கானிக் சுனில் பாஸின் கராஜில் நீ போய் நின்றாயே, அங்கே கற்றுக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் சாவியைக் கெஞ்சி வாங்கி வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தாய். சோக்கை இழுத்தால் எழும்பியது. ரேஸைப் பிடித்திருக்கும் வரை ஓடியது. கையை எடுத்ததும் செத்தது. கை வைக்காமலே எஞ்சின் தன்பாட்டில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதைத்தான் ஸ்லோ என்கிறோம். அந்த ஸ்லோ சுத்தமாகப் போயிருந்தது. நீ குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்:

"அப்பா, ஸ்லோ ஜெட் அடைச்சிருக்கு, அந்த ஊசி ஓட்ட வழியாத்தான் பெட்ரோல் வரணும். கழட்டிக் கழுவணும். ஒரு டம்ளர் பெட்ரோல் குடுங்க."

"எதுக்கு?"

"கழுவத்தான். பசை பிடிச்சிருந்தா பெட்ரோல்லதான் ஊறப் போடணும்."

"கழுவிட்டு?"

"அழுக்காயிரும்பா. கொட்ட வேண்டியதுதான்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கும் இருக்கிறது. "ஊரே ஒரு சொட்டுக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. அம்மாவுக்கு வச்சிருக்கறத மண்ணுல கொட்டச் சொல்றியா? ஒனக்கு வேற வேலையில்லையா?" என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "குடுங்களேன், அவன் ஏதோ தெரிஞ்சுதான கேக்குறான்" என்றாள். நான் அவளையும் அதட்டினேன்.  நீ ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஸ்லோ ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே போனாய். கையை எடுத்த பிறகும் எஞ்சின் அணையாமல் ஓட ஆரம்பித்தது. சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். "இப்ப ஸ்லோ நிக்குதுப்பா" என்றாய். "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமுல்ல. நிப்பாட்டு, பெட்ரோல் போவுது" என்று சொல்லிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். உன் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. அது சரியான வைத்தியம் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் செய்தாய். அப்பனோடு வாதாடுவதைவிட ஒரு ஸ்க்ரூவை முடுக்குவது உனக்குச் சுலபமாக இருந்தது.

அந்த நாளைப் பற்றி நீளமாக எழுத எனக்குக் கை வரவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய். மத்தியானம் மழை, மடுவத்திலிருந்து அம்மாவைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். பம்பில் மருந்து தீர்ந்து கிழமைக் கணக்காகியிருந்தது. எந்தப் பார்மசியிலும் கிடைக்கவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நீ முன்னால், அவள் நடுவில், நான் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டு. உள்ளே நனையாமல் நின்ற வண்டி பல உதைக்குப் பிறகு எழும்பியது, நான் மனதுக்குள் மாரியாத்தாளுக்கு நன்றி சொன்னேன். இறக்கத்தில் ஸ்லோ தூக்கி நின்றதால் வண்டி தானாகவே முன்னால் தள்ளியது. மழை ரோட்டில் வளைவுக்கு வளைவு நீ பிரேக்கோடு மல்லுக்கட்டினாய். "ஓஃப் பண்ணிட்டு உருட்டுடா" என்று கத்தியது நான். இந்த மலையில் பைக் வைத்திருக்கிற எவனும் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டித்தான் போவான். பெட்ரோல் இருந்த காலத்திலேயே அப்படித்தான். நீயும் ஓஃப் பண்ணினாய். பாலம் வரை சத்தமில்லாமல் உருண்டு போனோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றம்.

அங்கே அது எழும்பவில்லை. நீ உதைத்தாய், உதைத்தாய். சோக்கைப் போட்டாய், எடுத்தாய். பிளக்கைக் கழற்றித் துடைத்தாய். ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. பிறகு நான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினேன், நீ பின்னால் தாங்கிக்கொண்டு வந்தாய். ஏற்றத்தின் முக்கால்வாசியில் அவளுடைய பாரம் மாறியது எனக்குத் தெரிந்தது. நான் உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை நடந்தேன்.

சாவு வீட்டில், எல்லோர் முன்னாலும், வட்டவளை மாமா கேட்டார். உன் அம்மாவின் ஒரே தம்பி, கூடப்பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவர், கேட்க வேண்டியதைக் கேட்டார். "அந்த வண்டிய கடைசியா யாரு பாத்தா?" நீ எழுந்து நின்றாய். "நான்தான் மாமா. ஸ்லோ நிக்கலன்னு ஸ்க்ரூவ ஏத்தி வச்சேன். ஜெட்ட கழுவல. அதான் எழும்பல." மாமா உன்னைப் பார்த்து, "எங்க அக்கா உசுர அந்த ஸ்க்ரூலயே முடுக்கிப் போட்டியேடா" என்றார். ஏன் கழுவவில்லை என்று அவர் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் தோளில் துண்டோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். நீ ஒரு தடவை என் பக்கம் திரும்பிப் பார்த்தாய், உடனே தலையைக் குனிந்துகொண்டாய். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் போதும், தம்பி. திறக்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் நீ பையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினாய். அதற்குப் பிறகு நீ சைக்கிளில்கூட ஏறுவதில்லை என்று உன் கூட்டாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கல்யாணம் பேசும்போது மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "அக்காவ கொன்னவனுக்கு மாமன் மொற செய்ய நான் வர மாட்டேன்" என்று பதில் வந்தது. அதை உனக்குச் சொல்லாமல் இருந்தேன். உனக்கு அது எப்படியோ தெரிந்திருக்கும், அதனால்தான் வண்டியை ஒழித்துக்கட்டச் சொன்னாய் என்று இப்போது நினைக்கிறேன்.

இனி அன்றைக்கு வெயிலில் நான் திறந்து பார்த்ததைச் சொல்கிறேன். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே பெட்ரோல் இல்லை, பிளேன்டீ அடியில் காய்ந்தால் இருக்குமே அந்த நிறத்தில் ஒரு பசை, பழைய பெயின்ட் நாற்றம். ஸ்லோ ஜெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இல்லை. ஸ்லோ ஸ்க்ரூ, நீ முடுக்கிய இடத்திலேயே இருந்தது. ஒரு நல்ல டம்ளரில் நிறையப் பெட்ரோல் ஊற்றி ஜெட்டை ஊறப் போட்டேன். இப்போது செட்டில் யார் கேட்டாலும் ஊற்றித் தருகிறார்கள். மறுநாள் தலவாக்கலைக்குப் போய் சுனில் பாஸிடம் எல்லாவற்றையும் கேட்டேன். அவர் அவருடைய தமிழில் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், தெரிந்ததுதான் என்றாலும் படி. ஜெட்டின் ஓட்டைக்குள் கம்பி விடக் கூடாது, ஓட்டை பெருத்துவிடும். ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும், வெளிச்சம் ஊசி முனை மாதிரித் தெரியும்வரை. காற்று ஸ்க்ரூவை மெல்ல உள்ளே உட்கார வைத்துவிட்டுப் பிறகு வெளியே திறந்து வர வேண்டும். நம் மலையில் காற்று மெலிசு, அதனால் கீழ்நாட்டு வண்டியைவிடச் சற்றுக் கூடுதலாகத் திறக்க வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுத்தான் ஸ்லோவைத் தொட வேண்டும், நிற்கப்போகிற அளவுக்கு இறக்கி, காற்று ஸ்க்ரூவில் எங்கே நன்றாக மூச்சு விடுகிறதோ அங்கே விட வேண்டும்.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். அதைக் கேட்டு நான் அங்கேயே கராஜ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "ஜெட் அடைச்சி, ஸ்லோ தூக்கி வச்ச வண்டி, ஐயா, சூட்டுல ஓடும். மழையில நனைஞ்சு குளுந்துட்டா சோக் பிடிக்காது. எழும்பாது" என்றார். அதாவது, நீ முடுக்கிய அந்த ஸ்க்ரூதான் பாலத்தடியில் சோக்கைப் பிடிக்க விடாமல் செய்தது. நான் உனக்குப் பொய் சொல்லப்போவதில்லை. உன் கையும் அதில் இருந்தது. உருட்டச் சொன்னதால்தான் எஞ்சின் குளிர்ந்தது, அது நான். கழுவ விடாததால்தான் நீ ஸ்க்ரூவைத் தொட்டாய், அதுவும் நான். உனக்கு ஆறுதல் சொன்ன எத்தனையோ பேர், "உன் தப்பு இல்லப்பா, அவ விதி" என்றார்கள். அதை நீ நம்பினாயா? எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் நம்பவில்லை. எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவனிடம் விதி என்று சொன்னால் அவனுக்குக் கோபம்தான் வரும்.

மறு கிழமை தலவாக்கலையில் ரயிலேறி வட்டவளைக்குப் போனேன். மாமா மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், உள்ளே தேத்தண்ணிக்குச் சொன்னார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ பெட்ரோல் கேட்டதை, நான் கொடுக்காததை, உன் அம்மா கொடுக்கச் சொன்னதை, உருட்டச் சொன்னதை.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். "அவன் ஏன் அன்னைக்கு இதச் சொல்லல?"

"என்னைய காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு."

"நீங்க ஏன் சொல்லல மச்சான்?"

 வழியெல்லாம் ஒரு பதிலைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தேத்தண்ணி வந்தது. அவர் அதை வாங்கி என் பக்கத்தில் வைத்தார். "இதக் குடிச்சிட்டுக் கெளம்புங்க. தம்பி கல்யாணத்துக்கு நான் வர்றேன். மாமன் செய்ய வேண்டியது எல்லாம் செய்வேன். மாலைய நானே எடுத்துக் குடுப்பேன். ஆனா ஒங்க கூட ஒரு பந்தியில உக்கார மாட்டேன். இந்த வாசலுக்கு நீங்க இனி வர வேணாம்." நான் தேத்தண்ணியைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அதுவும் ஒரு ரோஷமாகப் போய்விடும். ரோஷப்பட எனக்கு என்ன இருக்கிறது?

ஆகவே, உன் கல்யாணத்தில் தாய்மாமன் இருப்பார். பெண் வீட்டுக் கந்தப்பளைக்காரர்கள், "மாமன் எங்கே" என்று உன் முகத்தைப் பார்த்துக் கேட்கப்போவதில்லை. அன்றைக்கு அவர் என்னோடு பேசாததை நீ கவனித்தால் அதற்காக வருத்தப்படாதே, அது எனக்கு வர வேண்டியது. அந்தப் பிள்ளையிடமும் இதையெல்லாம் நீயே சொல்லிவிடு, கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல். ஊரில் யாரோ ஒருத்தி பாத்திரம் கழுவும் இடத்தில் அவளுக்குச் சொல்வதைவிட அது மேல். அவள் ஏதாவது கேட்டால், என்னைக் காப்பாற்றுகிற மாதிரிப் பதில் சொல்லாதே. அந்தப் பழக்கத்தை விடு. உன் வீட்டில் நாளைக்கு அவள், "குடுங்களேன், அவன் தெரிஞ்சுதான கேக்குறான்" என்று எதைப் பற்றியாவது சொன்னால், அதட்டாதே. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இருக்கும் யோக்கியதை அவ்வளவுதான்.

வண்டியை என்ன செய்வது என்பதை நீ வந்து சொல். இரும்புக்கு என்றால் நானே ஏற்றிவிடுகிறேன், மறு பேச்சு இல்லை. ஆனால் உன் கண்ணில் படாமல் அது போகக் கூடாது. எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கல்யாண வேலைக்கு எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்னால், ஒரு நாள் நீ மட்டும் தனியாக வா. இத்தனை வருஷத்தில் நீ ஒரு தடவைகூட என்மேல் கோபப்படவில்லை. மாதம் தவறாமல் போன் எடுத்து, "சாப்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்று கேட்கிறாய். சாவு வீட்டில் "நான்தான் மாமா" என்று எழுந்து நின்றவன், என் பங்கையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். அதை இறக்கி வைக்க இந்த வீட்டைவிட்டால் உனக்கு வேறு இடம் இல்லை. வந்து கேள், ஏன் கொடுக்கவில்லை என்று கேள், சத்தம் போட்டுக் கேள், பக்கத்து வீட்டுக்கு எல்லாம் கேட்கட்டும். நான் குறுக்கே பேச மாட்டேன்.

உன் அம்மாவின் சாவுக்குக் காரணம் நீ இல்லை என்று எழுதினால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய். அதனால் அப்படி எழுதவில்லை.

நீ மட்டும் இல்லை.

அப்பா